நகர நிலம் எவ்வளவு பரவியிருக்கிறது: எப்படி அளக்கிறார்கள், எந்த எண்ணை நம்புவது?

கேள்வி இது: இந்தியாவில் நகரமும் கட்டடங்களும் எவ்வளவு நிலத்தைப் பிடித்துவிட்டன என்று தேடினால், ஒவ்வொரு அறிக்கையும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறது. ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம்கூட வருகிறது. இதை உண்மையில் எப்படி அளக்கிறார்கள்? எதை நம்பலாம்?

அந்த எண்களில் பெரும்பாலானவை பொய் இல்லை. வெவ்வேறு பொருளை அளந்துவிட்டு எல்லாவற்றுக்கும் "நகர நிலம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அரசாணை நகரம் என்று அறிவித்த எல்லைக்குள் இருக்கும் நிலம் ஒன்று. மக்கள் நெருக்கமாக வாழ்ந்து, விவசாயம் அல்லாத பிழைப்பில் இருக்கும் இடம் இன்னொன்று. கூரையோ கான்கிரீட்டோ தாரோ மண்ணை மூடியிருக்கும் இடம் மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதே இல்லை. கிண்டி காட்டுப்பூங்கா சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது, ஆனால் கட்டடம் இல்லை. நாமக்கல் பக்கம் வயல்களுக்கு நடுவே நீளநீளமாக நிற்கும் கோழிப்பண்ணைக் கொட்டகைகள் கட்டடம்தான், ஆனால் அதை யாரும் நகரம் என்று சொல்ல மாட்டார்கள்.

முதலில் அரசாணை எல்லை. பரவலை அளக்க இது கொஞ்சமும் உதவாது, ஆனாலும் செய்திகளில் அதிகம் வருவது இதுதான். 2011-ல் சென்னை மாநகராட்சி சுமார் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சுற்றியிருந்த நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அம்பத்தூரிலும் ஆலந்தூரிலும் அதற்கு முன்பே வீடுகள் நிறைந்திருந்தன. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து ஆணை வந்தது. அந்த ஆணையால் ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை. எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. 2004-ல் தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள், ஊரக வளர்ச்சிக்கான நிதி கிடைக்கும் என்பதற்காக. 2006-ல் திரும்பவும் பேரூராட்சிகள் ஆக்கினார்கள். அந்த இரண்டு வருடம் அந்த ஊர்களின் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் அதே இடத்தில்தான் இருந்தன.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை. நகராட்சி, மாநகராட்சி, கண்டோன்மென்ட் போன்ற சட்டப்படியான நகரங்களோடு, மூன்று நிபந்தனைகளைத் தாண்டும் கிராமங்களையும் "சென்சஸ் டவுன்" என்று கணக்கெடுப்பு சேர்த்துக்கொள்கிறது. 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி வேண்டும், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பது இதில் கணக்கே இல்லை. 2001-ல் 1,362 ஆக இருந்த சென்சஸ் டவுன்கள் 2011-ல் 3,900-க்குப் பக்கத்தில் வந்தன. கேரளத்தில் இதன் விளைவு பளிச்சென்று தெரியும். அந்த மாநிலத்தின் நகர மக்கள் விகிதம் 2001-ல் 26 சதவீதம், 2011-ல் 47.7 சதவீதம். அந்தப் பத்தாண்டில் அங்கே மக்கள்தொகை கூடியது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆட்கள் நகரத்துக்குக் குடிபோகவில்லை. ஏற்கெனவே வீடுகள் வரிசையாக இருந்த ஊர்களில் ஆண்களின் தொழில் மாறியது, ஊரின் வகை மாறியது. சமூகம் எப்படி மாறுகிறது என்பதற்கு இது அருமையான தகவல். நிலம் எவ்வளவு மூடப்பட்டது என்பதற்கு இதில் விடை இல்லை.

நாடுகளை ஒப்பிட வேண்டும் என்பதற்காக ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020-ல் வேறொரு முறையை ஏற்றுக்கொண்டது. நாட்டை ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று பார்ப்பது. 1,500-க்கு மேல் அடர்த்தி உள்ள சதுரங்கள் ஒட்டி நின்று 50,000 பேரைத் தொட்டால் அது பெருநகரம். 300-க்கு மேல் அடர்த்தியும் 5,000 பேரும் இருந்தால் சிறுநகரமோ புறநகரோ. ஐரோப்பாவுக்கு இது சரியாக இருக்கலாம். பீகாரில் 2011-ல் மாநிலம் முழுவதற்குமான சராசரி அடர்த்தியே 1,106. நெல்லும் கோதுமையும் விளையும் கங்கைச் சமவெளிக் கிராமங்கள் பெரும்பாலும் அந்த 300-ஐத் தாண்டிவிடும். கணக்கெடுப்பின்படி பீகாரில் நகர மக்கள் வெறும் 11.3 சதவீதம்! ஒரே மாநிலம் ஒரு வரையறையில் நாட்டிலேயே மிகக் குறைவான நகர மக்கள் உள்ள மாநிலங்களில் ஒன்று, இன்னொரு வரையறையில் பெரும்பகுதி நகரத்தன்மை கொண்டது. உலக அறிக்கையில் இந்தியாவின் எண்ணைப் பார்த்தால் இது எந்த வரையறை என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, வருவாய்த்துறைக் கணக்கு. நம் ஊரில் விஏஓ எழுதும் அடங்கலில் இருந்துதான் இது கிளம்புகிறது. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எது தரிசு என்று எழுதி, அது வட்டம், மாவட்டம் என்று கூடி, கடைசியில் மத்திய வேளாண் அமைச்சகத்தின் ஒன்பது வகை நிலப்பயன்பாட்டுப் புள்ளிவிவரமாகிறது. அதில் "வேளாண்மை அல்லாத பயன்பாட்டு நிலம்" என்று ஒரு வகை. 1950-51-ல் அது சுமார் 94 லட்சம் ஹெக்டேர். 2010-11-ல் 2.6 கோடி ஹெக்டேருக்கு மேல். இதை எடுத்துப் போட்டு "கட்டடங்கள் மூன்று மடங்காகிவிட்டன" என்று எழுதுபவர்கள் உண்டு. இரண்டு காரணங்களால் அப்படிச் சொல்ல முடியாது. ஒன்று, 1950-51-ல் கணக்கு வந்த மொத்தப் பரப்பே 28.4 கோடி ஹெக்டேர்தான். பிறகு அது 30 கோடியைத் தாண்டியது. முன்பு கணக்கிலேயே இல்லாத நிலம் சேர்ந்தால் எண் தானாகக் கூடும். இரண்டு, இதுதான் பெரிய விஷயம், அந்த வகைக்குள் வீடும் சாலையும் ரயில்பாதையும் மட்டும் இல்லை. ஆறு, கால்வாய், நீர்நிலைகளும் அதிலேயே அடக்கம்.

தமிழ்நாட்டில் இந்த இரண்டாவது காரணம் கணக்கையே புரட்டிப் போடும். மாநிலத்தின் 130 லட்சம் ஹெக்டேரில் ஏறத்தாழ 22 லட்சம் இந்த வகையில் வருகிறது. ஆறில் ஒரு பங்கு. அவ்வளவும் கட்டடமா? நம்மிடம் 39,000-க்கு மேல் ஏரி கண்மாய்கள் இருக்கின்றன. ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் கண்மாய்களைக் கழித்துவிட்டால் படமே வேறாகிவிடும். ஓர் ஏரி ஆக்கிரமிப்பாகி அதன்மேல் வீடுகள் எழுந்தாலும் இந்தக் கணக்கில் எதுவும் மாறாது. முன்பும் வேளாண்மை அல்லாத நிலம், இப்போதும் அதேதான். எந்த மாற்றத்தைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டுமோ அதையே இந்தக் கணக்கு மறைத்துவிடுகிறது.

தரிசு வகையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நன்செய் நிலத்தை வாங்கி, கல் நட்டு, மண்சாலை போட்டு, வளைவு கட்டி மனைப்பிரிவாக விற்கிறார்கள். பாதி பிளாட்டில் பத்து வருடமானாலும் வீடு வராது. வாங்கியவர் துபாயிலோ சென்னையிலோ இருப்பார். அங்கே பயிர் இல்லை, கட்டடமும் இல்லை, சீமைக்கருவேலம் முளைத்திருக்கும். அடங்கலில் அது "இதர தரிசு" என்றே தொடரலாம். விவசாயத்துக்கு அந்த நிலம் திரும்பாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டதும், அடுத்த வருடம் வரன்முறை விதிகள் வந்ததும் இந்த நிலங்களால்தான். நகரம் உண்மையில் பரவுவது வீடு எழும் அன்று இல்லை, வாய்க்கால் அடைபட்டுக் கல் நடப்படும் அன்று. செயற்கைக்கோள் கணக்கும் இதைப் பெரும்பாலும் தவற விடுகிறது. அறிக்கைகளில் இதற்குத் தனி வகையே வேண்டும் என்பது என் கருத்து.

சரி, செயற்கைக்கோளுக்கு வருவோம். நாடு முழுவதையும் ஒரே அளவுகோலில் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972-லிருந்து படமெடுக்கிறது. அந்தக் களஞ்சியம் 2008-ல் இலவசமானது, அதன் பிறகுதான் இந்தத் துறை வேகம் பிடித்தது. இந்தியாவின் ஐஆர்எஸ்-1ஏ 1988-ல் பறந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் 2004-05 முதல் ஆண்டுதோறும் நாடு முழுவதற்கும் நிலப்பயன்பாட்டு வரைபடம் தயாரிக்கிறது. 2005-06, 2011-12, 2015-16 ஆண்டுகளுக்கு இன்னும் நுணுக்கமான 1:50,000 அளவு வரைபடங்களும் உண்டு. அவற்றை இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆனால் செயற்கைக்கோளுக்கு வீடு என்றால் என்னவென்று தெரியாது. ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பச்சை இலை அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். கான்கிரீட்டும் காய்ந்த பரப்புகளும் அதைவிட நீண்ட குற்றலை அகச்சிவப்பில் அதிகம் அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு குறியீட்டெண் கிடைக்கும். 2003-ல் சீனாவின் நான்ஜிங் நகரத்தை வைத்து வெளியான இந்தச் சூத்திரம் இன்றும் மாணவர் ஆய்வுகளில் பரவலாக இருக்கிறது. பாலைவனமோ காய்ந்த செம்மண்ணோ இல்லாத, எப்போதும் பச்சையாக இருக்கும் இடத்தில் அது நன்றாக வேலை செய்யும். நம் ஊரில் சித்திரை மாதப் படத்தில் போட்டுப் பாருங்கள். அறுவடை முடிந்த வயல், வற்றிய ஏரியின் தரை, கல் குவாரி, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல் எல்லாம் "கட்டடம்" என்று சிவப்பாக வந்து நிற்கும். மேகம் இல்லை, படம் தெளிவாக இருக்கிறது என்று கோடைப் படத்தையே எடுக்கும் பழக்கம்தான் பல ஆய்வுகளைக் கெடுக்கிறது. தை மாதப் படமும் சித்திரைப் படமும் இரண்டும் வேண்டும். வயல் பருவத்துக்குப் பருவம் நிறம் மாறும், மொட்டைமாடி மாறாது. ஒரே இடத்தை வருடம் முழுக்கப் பார்ப்பதால் கிடைக்கும் இந்த வித்தியாசம்தான் எந்தச் சூத்திரத்தையும் விட நம்பகமானது. இதோடு சென்டினல்-1 போன்ற ரேடார் படங்களையும் சேர்த்தால் இன்னும் நல்லது. சுவரும் தரையும் சேரும் மூலையில் ரேடார் அலை பட்டுத் திரும்பும்போது வலுவாக வரும். வெறும் மண்ணில் அப்படி வராது.

கேரளத்தில் கதை நேர் எதிர். தென்னையும் பலாவும் வீட்டுக்கூரையை மூடியிருக்கும். மேலிருந்து பார்த்தால் தோப்பு, கீழே போனால் வரிசையாக வீடு. வறண்ட மாவட்டத்தில் இல்லாத கட்டடத்தைக் காட்டும் அதே முறை, அங்கே இருக்கும் கட்டடத்தைக் காட்டாது. குறியீட்டெண் இதற்கு மேல் போனால் கட்டடம் என்று நாடு முழுவதற்கும் ஒரே எல்லை எண்ணை வைத்து வரைபடம் போட்டால் ஒரு மாநிலம் கூடும், இன்னொன்று குறையும், மொத்தம் பார்க்கச் சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

படத்தின் நுணுக்கத்தையும் நம் நில அளவுகளோடு வைத்துப் பாருங்கள். சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். இந்தியாவின் ஆண்டு வரைபடத்துக்குப் பயன்பட்ட ஆவிஃப்ஸ் கருவியின் ஒரு படப்புள்ளி பக்கத்துக்கு 56 மீட்டர், பரப்பில் கிட்டத்தட்ட 77 சென்ட். அதற்குள் 14 கிரவுண்டு அடங்கும். லேண்ட்சாட்டின் ஒரு புள்ளி 22 சென்ட், நான்கு கிரவுண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 2015-ல் பறந்த பிறகு ஒரு புள்ளி இரண்டரை சென்ட் ஆனது, ஆனால் அதிலும் மேலே சொன்ன குற்றலைப் பட்டை 20 மீட்டர்தான். இப்போது யோசித்துப் பாருங்கள். 20 வீடுகள் உள்ள ஒரு குக்கிராமம் 56 மீட்டர் படத்தில் சுற்றியுள்ள வயலோடு கரைந்துவிடும், 10 மீட்டர் படத்தில் தெளிவாக வரும். 2005-க்குப் பழைய கருவியையும் 2020-க்குப் புதிய கருவியையும் வைத்து ஒப்பிட்டால், தாத்தா காலத்திலிருந்து இருக்கும் ஊர்கள் 15 வருடத்தில் புதிதாக முளைத்ததாகக் கணக்கு சொல்லும். நகரப் பரவல் பற்றிய பல அதிர்ச்சிச் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

உலக அளவிலான தயாரிப்புகளிலும் ஒவ்வொன்றும் எதைக் கட்டடம் என்று எடுக்கிறது என்பது வேறு. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் தரும் உலகக் குடியிருப்புத் தரவு 1975-லிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கு தருகிறது. அது கூரை உள்ள கட்டடத்தை எண்ணும், சாலையை எண்ணாது. ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை சதுர மீட்டர் கட்டடம் என்று சொல்லும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் உலக நிலப்போர்வை வரைபடம் சாலையையும் ரயில்பாதையையும் சேர்த்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் "கட்டடப் பரப்பு" அல்லது "இல்லை" என்று ஒரே பெட்டியில் போட்டுவிடும். பாதி வீடும் பாதி தோட்டமுமாக இருக்கும் புள்ளி ஒன்றில் பாதியாக வரும், மற்றதில் முழுசாக வரும் அல்லது வரவே வராது. இரண்டையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் ஒரே நாட்டுக்கு இரண்டு மொத்தம் வருவதில் ஆச்சரியம் இல்லை. இரவு வெளிச்சப் படங்களை வைத்தும் அளப்பார்கள். பழைய கருவியின் வெளிச்ச அளவு உச்ச எண்ணான 63-ல் முட்டி நின்றுவிடும், நகர மையமும் அதை அடுத்த பகுதியும் ஒன்றாகத் தெரியும், வெளிச்சம் பக்கத்து வயலுக்கும் வழியும். 2012-லிருந்து வரும் புதிய கருவி நன்றாக இருக்கிறது, ஆனால் நீல ஒளியை அது சரியாகப் பார்க்காது. சோடியம் விளக்கை எல்இடி ஆக்கிய ஊர் மங்கியதுபோல் தெரியலாம். பொருளாதார நடமாட்டத்துக்கு அது பயன்படும், நிலப்பரப்புக்கு வேண்டாம்.

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் இடம். வரைபடம் தயாரானதும் பெரும்பாலானோர் செய்வது, சிவப்புப் புள்ளிகளை எண்ணி, ஒரு புள்ளியின் பரப்பால் பெருக்கி, "இத்தனை சதுர கிலோமீட்டர்" என்று எழுதுவது. கூடவே "துல்லியம் 97 சதவீதம்" என்று ஒரு வரி. இது போதவே போதாது. ஓர் உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு மாவட்டம் 5,000 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் 300 சதுர கிலோமீட்டர் கட்டடம், மீதி 4,700 கட்டடம் இல்லாதது. கட்டடம் என்று காட்டிய பகுதியில் சீட்டுக் குலுக்கலாக 200 புள்ளிகள் எடுத்து, உயர்நுணுக்கப் படத்தில் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கிறோம். 160 உண்மையில் கட்டடம், 40 தவறு. கட்டடம் இல்லை என்ற பகுதியில் 500 புள்ளிகள் பார்க்கிறோம், அதில் 10 இடத்தில் வீடு இருக்கிறது. தோப்புக்குள் வீடு, மோட்டார் கொட்டகை, சின்னக் குடியிருப்பு. இப்போது கூட்டுங்கள். 300-ல் 80 சதவீதம் 240. 4,700-ல் 2 சதவீதம் 94. மொத்தம் 334.

வரைபடத்தின் ஒட்டுமொத்தத் துல்லியம் 97 சதவீதம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த 97 எங்கிருந்து வருகிறது? மாவட்டத்தில் பெரும்பகுதி வயலும் காடும், அதை வயலும் காடும் என்று சொல்வது சுலபம். அந்த 2 சதவீதப் பிழை சின்னதாகத் தெரிந்தாலும் 4,700-ன் மேல் விழும்போது 94 சதுர கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. புள்ளியியல்படி இந்த 334-க்குப் பிழை வரம்பும் போட்டால் கூட்டல் கழித்தல் 60 வரும். அதாவது உண்மை 274-லிருந்து 394-க்குள் எங்கோ இருக்கிறது. பத்து வருடம் கழித்து இதேபோல் இன்னொரு வரைபடம் போட்டு 380 என்று வந்தால், 46 சதுர கிலோமீட்டர் வளர்ந்தது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. வளர்ந்திருக்கலாம், வரைபடத்தின் பிழையாகவும் இருக்கலாம். 2014-ல் வெளியான, இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒரு வழிகாட்டிக் கட்டுரை இதையே வலியுறுத்தியது: பரப்பைப் புள்ளி எண்ணிச் சொல்லாதே, மாதிரிப் புள்ளிகளிலிருந்து மதிப்பிட்டுப் பிழை வரம்போடு சொல். அதற்குப் பிறகும் பிழை வரம்பு இல்லாத அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பொதுப் பணத்தில் வரும் எண்ணுக்கு இந்த ஒரு வரிகூட இல்லாமல் இருப்பது சரியில்லை.

மாற்றத்தை அளக்க, இரண்டு வரைபடங்களைத் தனித்தனியே போட்டுக் கழிக்கக் கூடாது. ஒரே புள்ளியை இரண்டு காலப் படங்களிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று வயல், இன்று வீடு. அன்றும் வீடு, இன்றும் வீடு. அன்று ஏரி, இன்று குப்பைமேடு. இரண்டு காலத்துக்கும் பொதுவான பிழைகள் இதில் தாமாகவே கழிந்துவிடும். எது எதுவாக மாறியது என்பதும் கூடவே தெரிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-லிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு கிலோமீட்டர் இடைவெளிப் புள்ளிகளிலிருந்து மாதிரி எடுத்து, பெரும்பகுதிக்கு ஆள் அனுப்பியே பார்க்கிறது. அமெரிக்க வேளாண் துறை 1982-லிருந்து மாதிரி நிலத்துண்டுகளைத் தொடர்ந்து கவனித்து, எவ்வளவு விளைநிலம் கட்டடமாகிறது என்று சொல்கிறது. இந்தியாவில் ஊருக்கு ஊர் விஏஓ இருக்கிறார், புல வரைபடம் இருக்கிறது. இந்த வசதி இல்லாத நாடுகள் எத்தனையோ. நம்மிடம் இருந்தும் இதைச் செய்யாமல் விட்டுவைத்திருக்கிறோம்.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11.3.1 என்று ஒரு குறியீடு இருக்கிறது. நகர நிலம் பெருகும் வேகத்தை மக்கள்தொகை பெருகும் வேகத்தால் வகுப்பார்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் ஆட்களைவிட நிலம் வேகமாகச் செலவாகிறது என்று பொருள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கீழே இருக்கும் எண் பூஜ்ஜியத்தை நெருங்கினால் விடை வானத்துக்குப் போகும். கேரளத்தின் பத்தனம்திட்டாவிலும் இடுக்கியிலும் 2001-க்கும் 2011-க்கும் இடையே மக்கள்தொகை குறைந்தது, வீடுகள் கூடிக்கொண்டே போயின. அங்கே விகிதம் எதிர்மறையாக வரும், அதை எப்படி வாசிப்பது? இன்னொன்று, இந்தியாவின் கடைசிக் கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது. அடுத்ததற்கு 1 மார்ச் 2027 நாளைக் குறித்திருக்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு இந்த விகிதத்தைப் போடுபவர்கள் மக்கள்தொகைக்கு மதிப்பீட்டையே பயன்படுத்துகிறார்கள். நான் இந்த விகிதத்தைத் தவிர்த்துவிட்டு, ஓர் ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர் கட்டடப் பரப்பு என்பதை இரண்டு காலத்துக்கும் தனித்தனியே தருவேன்.

மொத்தப் பரப்பு மட்டும் தெரிந்தால் போதாது, எங்கே என்பதும் வேண்டும். தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்தது. அதில் மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-ல் ராம்சார் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான கட்டடக் கணக்கில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாத பின்னம். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு அது பின்னம் இல்லை. அதனால் எந்த அறிக்கையிலும் புதிய கட்டடப் பரப்பை, முன்பு அது என்னவாக இருந்தது என்று பிரித்துக் கேளுங்கள்: நன்செய் எவ்வளவு, ஏரியும் சதுப்பும் எவ்வளவு, மேய்க்கால் புறம்போக்கு எவ்வளவு. ஒரு ஹெக்டேர் மேட்டுத் தரிசும் ஒரு ஹெக்டேர் ஏரிக்கரையும் ஒன்றில்லை.

உங்கள் வட்டத்துக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் நீங்களே அளக்கலாம், பெரிய மென்பொருள் தேவையில்லை. வட்டத்தின் எல்லைக்குள் கணினியை வைத்து 600 அல்லது 800 புள்ளிகளைத் தற்போக்காக எடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதி வாரியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு வருடத்துக்குப் பார்த்து வகை எழுதுங்கள். தொடங்கும் முன்பே விதியை எழுதிவைக்க வேண்டும்: வீட்டு முற்றத்தில் புள்ளி விழுந்தால் என்ன, கல் நட்ட காலி மனையில் விழுந்தால் என்ன, கோழிக் கொட்டகை எந்த வகை. காலி மனைக்குத் தனி வகை கொடுங்கள். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பார்க்காமல் எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். வேறுபடும் புள்ளிகளுக்கு, முடிந்தால், வண்டி எடுத்துக்கொண்டு நேரில் போய்விட்டு வாருங்கள். 800 புள்ளியில் 72 புதிதாகக் கட்டடமாகியிருந்தால் 9 சதவீதம், கூட்டல் கழித்தல் 2. கட்டடமே குறைவாக உள்ள வட்டமாக இருந்தால், ஊரையும் சாலையோரத்தையும் தனியாகப் பிரித்து அங்கே புள்ளிகளை அதிகம் போடுங்கள். அப்போது கூட்டும்போது மேலே காட்டியபடி ஒவ்வொரு பகுதியையும் அதன் பரப்பால் பெருக்கித்தான் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் எண் வீங்கிவிடும். முடிவோடு புள்ளிகளின் பட்டியலையும் வெளியிட்டுவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து யாராவது அதே புள்ளிகளைத் திரும்பப் பார்க்க அது வேண்டும்.